வாசலில் நின்று குரல் கொடுத்த சிலந்தி

1994 மே 25. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலைக்கான முதல் பன்னாட்டு மாநாடு தொடங்கியது. மூன்று நாள் நடந்த அந்த மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் சுமார் 380 பேர். அங்கே அளிக்கப்பட்ட கட்டுரைகளில் நான்கு, ஒரே கவலையை நான்கு பக்கங்களிலிருந்து பார்த்தன. அவற்றை எழுதியவர்களில் ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஆய்வு மாணவர். ஆலிவர் மெக்பிரையன் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர். டேவிட் ஐக்மன் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கிளியர் லேக் வளாகத்திலிருந்து வந்தவர். மார்ட்டைன் காஸ்டர் இங்கிலாந்தின் நெக்சர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

வலைப்பக்கங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எது எங்கே இருக்கிறது, நேற்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? இதுதான் அவர்கள் நால்வரையும் குடைந்த கேள்வி. மனிதர்களால் ஆகாது, நிரலை அனுப்புவோம் என்று மூவர் சொன்னார்கள். நிரல்கள் இப்படிக் கண்டபடி சுற்றினால் வலை தாங்காது என்று காஸ்டர் எச்சரித்தார். இன்று நாம் எதைத் தேடினாலும் நொடியில் விடை வருகிறதே, அதற்கான அடிப்படை வேலைகளும் வழக்கங்களும் அந்த ஓரிரு ஆண்டுகளில் உருவானவை.

ஒருவழிப் பாதை

இந்தக் கவலை வலையோடு கூடவே பிறந்தது. நீல எழுத்தில் அடிக்கோடிட்டுக் கிடக்கும் இணைப்பு என்பது இன்னொரு பக்கத்தின் விலாசம், அவ்வளவுதான். நம் வீட்டு முகவரி நோட்டில் மாமாவின் விலாசத்தை எழுதிவைத்திருக்கிறோம். மாமா வீடு மாறிப் போனால் நோட்டுக்கு அது தெரியாது. தன் விலாசம் யார் யார் நோட்டில் இருக்கிறது என்பது மாமாவுக்கும் முழுதாகத் தெரியாது. வலையில் ஒரு பக்கத்தை எழுதியவருக்கும் இதே நிலைதான். அவருடைய பக்கத்தை நோக்கி எத்தனை பேர் கை காட்டியிருக்கிறார்கள் என்பதை அவரது சர்வர் அறியாது.

இணைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1960-இல் டெட் நெல்சன் கனவு கண்ட சனடு திட்டத்தில் இணைப்புகள் இருபக்கமும் தெரியும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் மவுரர் குழு உருவாக்கிய ஹைப்பர்-ஜி அமைப்பு, இணைப்புகளைப் பக்கத்துக்குள் வைக்காமல் தனித் தரவுத்தளத்தில் வைத்தது. ஒரு பக்கம் நீக்கப்பட்டால், அதைச் சுட்டிய இணைப்புகள் எவை என்று அங்கே கண்டுபிடித்துவிடலாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் 1980-இல் செர்னில் எழுதிய என்கொயர் என்ற நிரலில், ஒரே கோப்புக்குள் உள்ள இணைப்புகள் இரு முனையிலும் தெரியும்படி செய்திருந்தார்.

வலைக்கு வரும்போது அதை அவர் தெரிந்தே கைவிட்டார். இருவழி இணைப்பு வேண்டுமானால் உலகில் உள்ள ஒவ்வொரு சர்வரும் மற்ற சர்வர்களோடு ஓயாமல் கணக்கு பேசிக்கொண்டிருக்க வேண்டும். புகழ்பெற்ற பக்கம் ஒன்று, தன்னைச் சுட்டும் ஆயிரக்கணக்கான பக்கங்களின் பேரேட்டைச் சுமக்க வேண்டும். ஒருவழிப் பாதை என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் யாரையும் சுட்டலாம். நடுவில் ஒரு பதிவு அலுவலகம் வேண்டியதில்லை. வலை காட்டுத்தீ போலப் பரவியதற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். அதற்குக் கொடுத்த விலைதான் உடைந்த இணைப்பு. 404 என்ற எண்ணோடு வரும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு இந்த முடிவின் நேரடி விளைவு.

ஆக, ஓர் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரே வழிதான் மிச்சம்: போய்ப் பார்த்துவிட்டு வருவது.

எண்ணப் புறப்பட்ட மாணவர்

அப்படிப் போய்ப் பார்த்த முதல் நிரல்களில் ஒன்று, எம்ஐடி மாணவர் மேத்யூ கிரே 1993 ஜூனில் பெர்ல் மொழியில் எழுதிய ‘வேர்ல்டு வைடு வெப் வாண்டரர்’. நாடோடி என்று பொருள்படும் பெயர். வலை எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம்.

1993 ஜூனில் அது கண்ட தளங்கள் 130. டிசம்பரில் 623. 1994 ஜூனில் 2,738, அதே ஆண்டு டிசம்பரில் 10,022. 1995 ஜூனில் 23,500, 1996 ஜனவரியில் சுமார் 1,00,000. தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டித்தது. இந்தக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. 1993 ஜூனில் ‘டாட் காம்’ என்று முடியும் வணிகத் தளங்கள் நூற்றுக்கு ஒன்றரை. 1996 தொடக்கத்தில் அவை சரிபாதி. பல்கலைக்கழகங்களின் கையில் இருந்த வலை வணிகர் கைக்கு மாறிய கதையை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. யாராவது போய் எண்ணியிருக்காவிட்டால் அந்த மாற்றம் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்காது.

கல்யாணப் பத்திரிகை வைப்பது போல

இப்படிப் பக்கம் பக்கமாகப் போய்ப் பார்க்கும் நிரலுக்குச் சிலந்தி என்று பெயர் இருந்தாலும் அது எங்கேயும் ஊர்ந்து போவதில்லை. ஒரே கணினியில் உட்கார்ந்தபடி மற்ற கணினிகளிடம் பக்கங்களைக் கேட்டு வாங்குகிறது. அது வேலை செய்யும் முறை கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவதைப் போன்றது.

கையில் முதலில் நாலைந்து வீடுகளின் பட்டியல் இருக்கிறது. முதல் வீட்டுக்குப் போகிறோம். “சின்னய்யா வீட்டுக்கு வெச்சாச்சா? அப்படியே மேலத்தெரு அத்தையை விட்டுடாதீங்க” என்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள்கிறோம். பத்திரிகை வைத்த வீட்டுக்கு எதிரே ஒரு டிக். அடுத்த வீட்டில் மறுபடி மேலத்தெரு அத்தையைச் சொன்னால், ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறோம். சிலந்தி நிரலிடமும் இரண்டு பட்டியல்கள்தான் உண்டு: போக வேண்டியவை, போய்விட்டு வந்தவை. ஒரு பக்கத்தை வாங்கி, அதிலுள்ள இணைப்புகளைப் பிரித்தெடுத்து, புதியவற்றை முதல் பட்டியலில் சேர்க்கும். முதல் பட்டியல் தீரும்வரை வேலை நடக்கும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது வரும் சிக்கல்கள் பல. முதல் சிக்கல், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். போஸ்ட்மாஸ்டர் என்று ஒருவரும் ராமசாமி என்று இன்னொருவரும் சொல்வது ஒரே மனிதரை என்று தெரியாவிட்டால் அந்த வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போகும். வலையிலும் ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம். கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பக்கம் வரும். ஒரே கணினிக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். இவற்றையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், முடிவே இல்லாத இடங்கள். நாள்காட்டி ஒன்றை நிரல் வழியே காட்டும் ஒரு தளத்தில் ‘அடுத்த மாதம்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். மனிதர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார். சிலந்திக்கு அந்த அறிவு இல்லை. நூற்றாண்டுகளைத் தாண்டியும் அடுத்த மாதத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு தளத்தில் எத்தனை படி ஆழம் போகலாம், எத்தனை பக்கம் கேட்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு போட வேண்டியிருந்தது.

மூன்றாவது, எந்த வரிசையில் போவது என்பது. கண்ட இணைப்பை உடனே பிடித்துக்கொண்டு ஆழமாக இறங்கினால், சிலந்தி ஒரே சர்வருக்குள் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களை மூச்சுவிடாமல் கேட்கும். பட்டியலின் முன்பக்கத்திலிருந்து வரிசையாக எடுத்தால், கோரிக்கைகள் பல சர்வர்களுக்குப் பரவும். அன்றைய சர்வர் பெரும்பாலும் ஏதோ ஒரு துறையின் மேசையில் இருந்த கணினி. அதில் வேறு யாருடைய வேலையோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நொடிக்குப் பல முறை கேட்கும் நிரல் வந்துவிட்டால் அந்தக் கணினி திணறிப்போகும். கிரேயின் வாண்டரர் மீதே இப்படிப் புகார்கள் எழுந்தன.

வாசலில் ஒரு குறிப்பு

பாதிக்கப்பட்டவர்களில் காஸ்டரும் ஒருவர். இன்று அறிவியல் புனைகதை எழுத்தாளராக அறியப்படும் சார்லஸ் ஸ்ட்ராஸ் அப்போது நிரலாளர். தான் எழுதிய சிலந்தி ஒன்று காஸ்டரின் சர்வரைத் திணறடித்ததைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

காஸ்டர் இரண்டு வழிகளை முன்வைத்தார். ஒன்று, ஜெனீவாவில் அவர் விளக்கிய அலிவெப். ஒவ்வொரு தளத்தின் உரிமையாளரும் தம் பக்கங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்புக் கோப்பை எழுதிவைக்க வேண்டும். மைய நிரல் அந்த ஒரு கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். சுமை மிகக் குறைவு. ஆனால் உரிமையாளர்கள் உட்கார்ந்து எழுத வேண்டுமே? பெரும்பாலோர் எழுதவில்லை.

இரண்டாவது வழி நிலைத்தது. தளத்தின் வாசலில் ‘ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பு. எந்தச் சிலந்தி எந்தப் பகுதிக்குள் வர வேண்டாம் என்று அதில் ஓரிரு வரிகள். சிலந்தி முதலில் அந்தக் கோப்பைக் கேட்டுப் படித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். 1994 பிப்ரவரியில் காஸ்டர் முன்மொழிந்த இந்த யோசனை, சிலந்திகளை எழுதியவர்களும் சர்வர்களை நடத்தியவர்களும் கலந்து பேசி, ஜூன் 30 அன்று ஓர் ஒப்பந்தமாக உருப்பெற்றது.

அந்தக் கோப்புக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மீறினால் தடுக்க அதில் எந்த வழியும் கிடையாது. முழுக்க முழுக்க மரியாதையை நம்பிய ஏற்பாடு. அதிகாரப்பூர்வமான இணையத் தரநிலை ஆவணமாக அது வெளியானது 2022 செப்டம்பரில்தான். 28 ஆண்டுகள் உலகின் பெரிய தேடுபொறிகள் எல்லாம் வெறும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

பராமரிப்புக்கு ஒரு சிலந்தி

ராய் ஃபீல்டிங்கின் சிலந்தி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. கிரே உலகை எண்ணினார். மெக்பிரையன் உலகுக்கே அட்டவணை போட்டார். ஃபீல்டிங்கின் நோக்கம் வீட்டைப் பழுது பார்ப்பது. ‘மல்டி-ஓனர் மெயின்டனன்ஸ் ஸ்பைடர்’, அதாவது பல உரிமையாளர்களுக்கான பராமரிப்புச் சிலந்தி. முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் அம்மா என்று பொருள்படும் ‘மாம்’. அப்படியே மாம்ஸ்பைடர் என்று பெயரிட்டார்.

‘பல உரிமையாளர்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு துறையின் தளம் ஒருவர் எழுதியதாக இருப்பதில்லை. பேராசிரியர் ஒரு பக்கம், மாணவர் ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள். ஒருவர் தம் கோப்பை நகர்த்தினால் மற்றவர் பக்கத்தில் இணைப்பு உடையும். உடைத்தவருக்கு அது தெரியாது, உடைந்தவருக்கும் தெரியாது. எனவே எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதை மாம்ஸ்பைடரிடம் முதலிலேயே எழுதிக் கொடுக்கலாம். அது சுற்றி வந்து, அந்தந்தப் பகுதியின் நிலையை ஓர் அட்டவணைப் பக்கமாக எழுதி, பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் தகவல் அனுப்பும். முக்கியமாக நான்கு செய்திகள்: உடைந்த இணைப்புகள், இடம் மாறிய பக்கங்கள், அண்மையில் திருத்தப்பட்டவை, காலாவதி ஆகப்போகிறவை.

இதை அது செய்த விதத்தில் ஒரு நயம் இருக்கிறது. வலையின் தகவல் நெறிமுறையான எச்டிடிபியில் ‘கெட்’ என்று கேட்டால் முழுப் பக்கமும் வரும். ‘ஹெட்’ என்று கேட்டால் பக்கத்தைப் பற்றிய தலைப்பு விவரம் மட்டும் வரும்: இருக்கிறதா, எப்போது திருத்தப்பட்டது, எவ்வளவு பெரியது. முதலாவது வீட்டுக்குள் போய் உட்கார்வது, இரண்டாவது வாசலில் நின்று “யாரும்மா வீட்டில?” என்று குரல் கொடுப்பது. தன் பொறுப்பில் உள்ள பக்கத்தை மாம்ஸ்பைடர் முழுதாக வாங்கியாக வேண்டும், அதிலுள்ள இணைப்புகளைப் பார்க்க அதுதான் வழி. வெளியார் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் அறிய, வாசலில் கொடுக்கும் குரலே போதும். ஒரு சுற்றில் ஒருமுறை சோதித்த முகவரியை மறுபடி சோதிப்பதில்லை. ஒரே சர்வரிடம் தொடர்ந்து சில கோரிக்கைகள் வைத்தபின் சற்று இடைவெளி விடும். வாசலில் உள்ள குறிப்பையும் படித்து அதன்படி நடக்கும்.

வாசலிலிருந்து வரும் பதில் மூன்று இலக்க எண்ணாக இருக்கும். 200 என்றால் நலம். 301 என்றால் நிரந்தரமாக வீடு மாறிவிட்டார், புது விலாசம் இதோ. 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறார். 404 என்றால் அப்படி யாரும் இங்கே இல்லை. 500 என்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ கோளாறு. பதிலே வராமல் போவதும் உண்டு. அதற்கு அந்தக் கணினி அன்று அணைந்திருந்தது காரணமாக இருக்கலாம், இடையில் கம்பி அறுந்திருக்கலாம். ஒருமுறை குரல் கொடுத்துப் பதில் வரவில்லை என்பதற்காக உறவை அறுத்துவிடக் கூடாது. சில நாள் கழித்து மறுபடி கேட்பதுதான் முறை. இன்னும் சில சர்வர்கள், பக்கம் இல்லாதபோதும் 200 என்று பதில் சொல்லி ‘மன்னிக்கவும்’ என்ற பக்கத்தை அனுப்பும். அந்த இடத்தில் சோதிக்கும் நிரல் ஏமாந்துபோகும், மனிதக் கண் தேவைப்படும்.

மாம்ஸ்பைடருக்காக எழுதப்பட்ட துணை நிரல்களிலிருந்து பெர்ல் மொழிக்கான ஒரு வலை நிரல்தொகுப்பு உருவானது. பின்னர் வந்த எத்தனையோ சிலந்திகளுக்கு அது அடித்தளமாயிற்று. ஃபீல்டிங் அடுத்து எச்டிடிபி நெறிமுறையையே திருத்தி எழுதும் பணியில் முதன்மையானவர்களில் ஒருவரானார். 1997-இல் வெளிவந்த 1.1 பதிப்பில் 410 என்று ஒரு புதிய எண் சேர்ந்தது. ‘இந்தப் பக்கத்தை நாங்களே எடுத்துவிட்டோம், திரும்பி வராது, உங்கள் இணைப்பை நீக்கிவிடுங்கள்’ என்பது அதன் பொருள். வலைப் பராமரிப்புக்கு உதவுவதே அந்த எண்ணின் முதன்மை நோக்கம் என்று ஆவணமே சொல்கிறது. பராமரிப்புக் கவலை ஒரு மாணவரின் நிரலைத் தாண்டி, வலையின் விதிக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது.

சரிபார்ப்பிலிருந்து வரைபடத்துக்கு

இணைப்புகளைச் சரிபார்க்கச் சுற்றும் நிரல், எந்தப் பக்கம் எதைச் சுட்டுகிறது என்பதையும் குறித்துக்கொண்டே வந்தால் அதுவே ஒரு வரைபடம். பக்கத்தில் உள்ள சொற்களையும் குறித்துக்கொண்டால் அது தேடுபொறி. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஃபிளெச்சர் 1993 டிசம்பரில் தொடங்கிய ஜம்ப்ஸ்டேஷன், பக்கத் தலைப்புகளையும் உட்தலைப்புகளையும் சேர்த்து வைத்துத் தேட வழி செய்தது. 1994 ஏப்ரல் 20 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் பிங்கர்டன் வெளியிட்ட வெப்கிராலர், பக்கத்தின் முழு உரையையும் தேடவைத்தது. மெக்பிரையனின் வேர்ல்டு வைடு வெப் வார்ம் அட்டவணையில் சுமார் 1,10,000 பக்கங்களும் கோப்புகளும் இருந்தன. அதே ஆண்டு கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்த லைகாஸ், வலை கட்டிக் காத்திராமல் ஓடிப்போய் இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தியின் அறிவியல் குடும்பப் பெயரைத் தாங்கியது.

இப்படிப்பட்ட தேடுபொறிகள் தமிழ்ப் பக்கங்களில் தடுமாறின. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் திஸ்கி போன்ற எழுத்துருக் குறியீடுகளில் இயங்கின. திரையில் தமிழாகத் தெரிந்தது சிலந்தியின் கண்ணுக்கு மேலைநாட்டு எழுத்துகளின் குவியல். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியக் கோப்புகளும் முதலில் அப்படிப்பட்ட குறியீட்டில் இருந்தவைதான். பக்கம் இருக்கிறதா என்று சிலந்தியால் சரியாகச் சொல்ல முடிந்தது, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

வலையின் முழு உருவத்தை முதன்முதலாகப் பெரிய அளவில் வரைந்து காட்டியவர்கள் அல்டாவிஸ்டா தேடுபொறி, ஐபிஎம், காம்பேக் நிறுவனங்களின் ஆய்வாளர்கள். 1999-இல் அல்டாவிஸ்டாவின் சிலந்தி திரட்டிய சுமார் 20 கோடிப் பக்கங்களையும் 150 கோடி இணைப்புகளையும் ஆராய்ந்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். வலை கழுத்தில் கட்டும் வில் டை போன்ற வடிவில் இருந்தது. நடு முடிச்சில் சுமார் 5.6 கோடிப் பக்கங்கள், அவற்றில் எதிலிருந்தும் எதற்கும் போகலாம். ஒரு பக்கச் சிறகில் சுமார் 4.4 கோடி, அங்கிருந்து நடுவுக்கு வரலாம், நடுவிலிருந்து அங்கே போக முடியாது. மறுபக்கச் சிறகில் ஏறக்குறைய அதே அளவு, நடுவிலிருந்து அங்கே போகலாம், திரும்ப வழி இல்லை. இன்னும் 4.4 கோடி அளவில் பக்கவாட்டு இழைகள். எவற்றோடும் சேராமல் தனித்தீவுகளாகக் கிடந்தவையும் உண்டு. குத்துமதிப்பாக இரண்டு பக்கங்களை எடுத்தால், முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு இணைப்பு வழியே போக முடியாமல் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 75-க்கும் மேல்.

ஒருவழிப் பாதை என்று பெர்னர்ஸ்-லீ எடுத்த முடிவு கோடிக்கணக்கான பக்கங்களின் அமைப்பில் இப்படித் தன் உருவத்தைப் பதித்திருந்தது. இருவழிப் பாதையாக இருந்திருந்தால் இந்தச் சிறகுகளே இருந்திருக்காது. சிலந்தி காட்டும் வரைபடத்தின் எல்லையும் இதில் விளங்கும். நடுவிலிருந்து புறப்படும் சிலந்திக்கு முதல் சிறகுப் பக்கங்கள் தாமாகத் தென்படாது. யாரும் சுட்டாத பக்கம் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்.

அறிக்கையைப் படிக்க ஓர் ஆள்

உடைந்த இணைப்பு இன்றும் தீராத நோய். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டில் கிடைக்காமல் போய்விட்டன. பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே ஒரு கட்டுரை எழுதி, முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று வாதிட்டார். சிலந்திகளோ முன்னைவிடப் பல மடங்கு பெருகிவிட்டன. செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி சேர்க்கும் சிலந்திகளில் சில, வாசலில் உள்ள குறிப்பை மதிப்பதில்லை என்று தள உரிமையாளர்கள் முறையிடுகிறார்கள்.

இந்த இடத்தில் மாம்ஸ்பைடரை நினைத்துக்கொள்கிறேன். பக்கங்களை அள்ளிக்கொண்டு போக அது வரவில்லை. உங்கள் வீட்டில் இந்த ஓடு உடைந்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே சொல்ல வந்தது. அந்த வடிவமைப்புக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது: ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பான ஒருவர் இருக்கிறார், சொன்னால் அவர் சரிசெய்வார். நிரலால் முடிந்தது எண்ணைக் கேட்டு வருவதும் எழுதி அனுப்புவதும் மட்டுமே. காணாமல் போன பக்கம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்துப் புது விலாசத்தை எழுதுவது அந்த மின்னஞ்சலைத் திறக்கும் மனிதரின் வேலை.

உங்களுக்கென்று ஒரு வலைப்பக்கம் இருந்தால் இன்று ஒருமுறை அதைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எங்காவது 404 வந்தால், அந்த வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து விலாசத்தைத் திருத்திவிடுங்கள்.